நைட் சிட்டியில் ஐந்து வேலைகள்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



நம் சங்க ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், துணுக்கு இருக்கும், துறைக் கட்டுரை இருக்கும். இந்த முறை ஒரு விளையாட்டைப் பற்றிப் பாடம் எழுதலாம் என்று பேனாவை எடுத்திருக்கிறேன். விளையாட்டுக்கு என்னடா பாடம் என்று சிரிக்க வேண்டாம். இரண்டு வருடமாக விடுதியில் சனிக்கிழமை ராத்திரிகளில் இந்த ஆட்டத்தை நடத்தி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இதில் நிகழ்தகவு இருக்கிறது, திட்டமிடல் இருக்கிறது, கொஞ்சம் மனசாட்சியும் இருக்கிறது. மூன்றும் டிப்ளமோ முடித்து வெளியே போகிற நமக்குத் தேவைப்படுகிற சரக்குதான்.

ஆட்டம் என்பது என்ன?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறோம். ஒருவர் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். நடத்துபவர் இடத்தையும் நிலைமையையும் சொல்வார். ஆட்டக்காரர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும்போது பகடை முடிவு செய்யும். திரை இல்லை, ஜாய்ஸ்டிக் இல்லை. அமெரிக்காவில் 1974-ல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்குத் தொடக்கம்.

அது மந்திரவாதி, அரக்கன் உலகம். நான் நடத்துவது 'சைபர்பங்க்'. புரூஸ் பெத்கி என்பவர் எழுதி 1983-ல் அச்சான ஒரு சிறுகதையின் தலைப்புதான் அந்தச் சொல். மறு வருடமே, 1984-ல், வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நாவல் வந்து அந்த உலகத்துக்கு உருவம் கொடுத்தது. விஞ்ஞானம் உச்சத்தில், மனிதன் வாழ்க்கை சாக்கடையில்: இதுதான் அதன் சுருக்கம். 1988-ல் மைக் பாண்ட்ஸ்மித் இதை மேசை விளையாட்டாக்கினார். 1990-ல் 'சைபர்பங்க் 2020', பிறகு 2020-ல் 'சைபர்பங்க் ரெட்' என்று பதிப்புகள் வந்தன. நம்மில் பலருக்குத் தெரிந்த 'சைபர்பங்க் 2077' கம்ப்யூட்டர் கேம், 2020 டிசம்பரில் வந்தது, இதே உலகத்தைச் சேர்ந்ததுதான். 'ரெட்' கதை நடப்பது 2045-ல், கலிஃபோர்னியாக் கடற்கரையில் உள்ள கற்பனை நகரமான நைட் சிட்டியில். நான் நடத்துவதும் அதுவே. கீழே சொல்லும் கணக்கெல்லாம் அந்தப் புத்தகத்துக் கணக்கு.

முதலில் பணக் கணக்கு

இந்த ஆட்டத்தில் நீங்கள் இளவரசன் இல்லை. கான்ட்ராக்ட் கூலி. ஃபிக்ஸர் என்கிற புரோக்கர் வேலை பிடித்துத் தருவார், முடித்தால் காசு. அங்கே நாணயம் யூரோபக். சுலபமான வேலைக்கு ஆளுக்கு 500, சாதாரண வேலைக்கு 1000, உயிருக்கு ஆபத்தான வேலைக்கு 2000.

செலவைப் பாருங்கள். பழைய சரக்குக் கன்டெய்னரில் குடியிருக்க மாத வாடகை 1000. 'கிப்பிள்' என்ற மட்டமான தீனியைத் தின்று உயிரோடு இருக்க 100. ஆக 1100. சாதாரண வேலை ஒன்று முடித்தாலும் 100 துண்டு விழுகிறது! குண்டடி பட்டால் வைத்தியச் செலவு தனி.

பாண்ட்ஸ்மித் வைத்த இந்த 100 தான் என் பார்வையில் ஆட்டத்தின் உயிர்நாடி. மாதக் கடைசியில் வாடகைக்காரன் கதவைத் தட்டும்போது எந்த வேலைக்குச் சரி என்போம், எதற்கு மாட்டேன் என்போம்? நல்ல வேலை அமைப்பது என்றால் இந்தக் கேள்வியை ஆட்டக்காரர்கள் முன்னால் வைப்பது. துப்பாக்கிச் சண்டை அதற்குப் பக்கவாத்தியம். எனக்குப் பிடித்த ஐந்து வகைகளைச் சொல்கிறேன்.

1. ஆளை வெளியே கொண்டுவருதல்

ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் விஞ்ஞானியை இன்னொரு கம்பெனிக்குக் கடத்திச் செல்வது. கிப்சனின் 1986 நாவலான 'கவுண்ட் ஜீரோ'வில் டர்னர் என்ற கூலிப்படையாளுக்குக் கிடைக்கும் வேலை இதுதான். 1989-ல் வந்த 'ஷேடோரன்' என்ற சகோதர விளையாட்டிலும் இது நிரந்தரச் சரக்கு.

ஒருவர் ராஜினாமா செய்ய எதற்குத் துப்பாக்கி? அந்த உலகத்தில் கம்பெனி ஒப்பந்தம் ஆளையே கட்டிப் போட்டுவிடும், அதனால்தான். நம்ம சீனியர் அண்ணன் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்துத்தான் தருவோம் என்றார்களாம். அதை அப்படியே ஐம்பது மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். நைட் சிட்டி கிடைத்துவிடும்.

இதை அமைக்கும்போது நடத்துபவர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த ஆளுக்கு வர விருப்பமா? விருப்பம் என்றால் அது தப்பித்தல். விருப்பமில்லை என்றால் அது ஆள் கடத்தல். விருப்பம் உண்டு, ஆனால் மகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றால்? புரோக்கர் சொன்னது ஒரு ஆள், வண்டியில் இடம் ஒரு ஆளுக்கு. அங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

2. தகவல் திருட்டு

கம்பெனிக் கட்டடத்துக்குள் புகுந்து ஒரு கோப்பை எடுத்து வருவது. குழுவில் நெட்ரன்னர் என்று ஒருவர் இருப்பார். மூளையை நேரடியாகக் கணினியோடு இணைப்பவர். பழைய பதிப்பில் இவர் வீட்டில் உட்கார்ந்தே வேலையை முடித்துவிடலாம். அவரும் நடத்துபவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். 'ரெட்' பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். உலகளாவிய வலை அழிந்துபோனது என்று கதையை மாற்றி, கணினியின் இணைப்பு முனைக்கு 6 மீட்டருக்குள் நெட்ரன்னர் நின்றாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஆகவே குழு முழுவதும் உள்ளே போக வேண்டும். அவர் வேலை பார்க்கும்போது மற்றவர்கள் கதவைக் காக்க வேண்டும். ஒரே ஒரு தூர அளவு நான்கு பேருக்கும் வேலை கொடுத்துவிட்டது பாருங்கள்! வடிவமைப்பு படிக்கிற நமக்கு இது நல்ல உதாரணம்.

இதில் முடிச்சு எங்கே போடுவது? கோப்பில் என்ன இருக்கிறது என்பதில். உதாரணமாக, மருந்துச் சோதனையில் இறந்தவர்களின் பட்டியல். வேலை கொடுத்தவர் அதை வெளியிடப் போவதில்லை. காட்டி மிரட்டிப் பணம் பறிக்கப் போகிறார். கையில் கோப்பு, பையில் 1000. குழுவில் மீடியா, அதாவது பத்திரிகையாளர் பாத்திரம் யாராவது எடுத்திருந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது.

3. சரக்கு கொண்டுபோதல்

பெட்டியை வாங்கு, அங்கே கொண்டுபோய்க் கொடு, திறக்காதே. இதற்கு மூதாதை 1981-ல் கிப்சன் எழுதிய 'ஜானி நெமோனிக்' சிறுகதை. அதில் சரக்கு கதாநாயகனின் மண்டைக்குள்ளேயே இருக்கிறது! 1995-ல் படமாகவும் வந்தது.

புதிதாக நடத்துபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வகையைத்தான். புறப்படும் இடம், சேரும் இடம், நடுவில் மூன்று தடங்கல். பாதி எழுதியதும் பாதை தானாக வந்துவிடும். நோமட் என்ற ஊர்சுற்றிப் பாத்திரத்துக்கு வண்டி ஓட்டிக் காட்ட வாய்ப்பு. ஒன்று மட்டும் கவனம்: மூன்று தடங்கலும் துப்பாக்கியாக இருக்கக் கூடாது. ஒன்று சண்டை, ஒன்று இயந்திரக் கோளாறு, ஒன்று மனிதர். பெட்டியில் இருப்பது குளிர்பெட்டி மருந்து என்று பாதி வழியில் தெரிகிறது. வழியிலுள்ள முகாமில் அதே மருந்துக்குக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள். சாலை நேராகத்தான் போகிறது. வண்டியை நிறுத்துவார்களா, மாட்டார்களா?

4. காவல் காத்தல்

நைட் சிட்டியில் 'டிராமா டீம்' என்று ஒரு கம்பெனி உண்டு. சந்தா கட்டியவர் அடிபட்டால் ஆயுதத்தோடு பறந்து வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். சந்தா இல்லையா, தரையிலேயே கிடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு தெருக்கோடி கிளினிக்கை ஒரு இரவு காப்பாற்ற வேண்டும்: நான்கு பேர், மூன்று வாசல், விடியும் வரை.

இதில் சுவை தயாரிப்பில் இருக்கிறது. ஒரு தாளில் கிளினிக்கின் பிளான் வரைந்து நடுவில் வையுங்கள். தாக்குதலுக்கு முன் இரண்டு மணி நேரம் இருக்கிறது, ஆளுக்கு இரண்டு காரியம் செய்யலாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை எங்கே வைப்பது, நோயாளிகளை எந்த அறைக்கு மாற்றுவது என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள்.

எதிரில் வருகிறவர்களை அரக்கர்களாக ஆக்காதீர்கள். அவர்களும் அதே புரோக்கரிடம், அதே 1000-க்கு, அதே வாடகைக்காக வந்தவர்கள். எங்கள் மேசையில் ஒரு தடவை சோலோ பாத்திரம் எடுத்த நண்பன், சண்டைக்கே பிறந்த பாத்திரம் அது, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு எவ்வளவு பேசியிருக்காங்க?" என்று கேட்டான். அன்று ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. இன்று வரை எல்லாரும் பேசிக்கொள்வது அந்த ஆட்டத்தைத்தான்.

5. காணாமல் போனவரைத் தேடுதல்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இது. ஒரு தாய் வருகிறார். மகனை ஒன்பது நாளாகக் காணவில்லை. கையில் இருப்பது 200 மட்டுமே. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 50. அந்த ஊர் விலைவாசியில் 50-க்கு ஒரு மீடியம் பிஸ்டல் வாங்கலாம், அவ்வளவுதான். அதே நாளில் புரோக்கரும் 1000 யூரோபக் கணக்கில் வேறொரு வேலையோடு போன் பண்ணுகிறார். எதை எடுப்பது? வேலை தொடங்கும் முன்பே கேள்வி தொடங்கிவிடுகிறது.

துப்பறியும் ஆட்டத்துக்கு ஒரு பொன்னான விதி உண்டு. அமெரிக்கரான ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய மூன்று துப்பு விதி: ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொரு உண்மைக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஏன் மூன்று? அதற்கு நம் பாடத்திலேயே பதில் இருக்கிறது.

தொடரிணைப்பும் பக்க இணைப்பும்

'ரெட்' விதி இது. பாத்திரத்தின் இயல்புத் திறன் எண், பயிற்சி எண், ஒரு பத்து முகப் பகடை மூன்றையும் கூட்டு. கொடுத்த கடின எண்ணைத் தாண்டினால் வெற்றி. சமமாக வந்தால் தோல்வி. திறன் 6, பயிற்சி 6 உள்ளவருக்கு 12 கையில் இருக்கிறது. கடின எண் 15 என்றால் பகடையில் 4 முதல் 10 வரை விழ வேண்டும். பத்தில் ஏழு, அதாவது 0.7. கடின எண் 17 என்றால் பத்தில் ஐந்துதான்.

இப்போது பூட்டைத் திற, கேமராவை ஏமாற்று, காவலாளியைப் பேசி மடக்கு. மூன்றும் ஜெயித்தால்தான் உள்ளே போகலாம் என்று வேலை அமைக்கிறீர்கள். இது தொடரிணைப்பு. 0.7 × 0.7 × 0.7 = 0.343. திறமைசாலிக் குழுவே மூன்று முறைக்கு இரண்டு முறை தோற்கும்! பழைய சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணைகிற மாதிரி.

அதே மூன்றையும் பக்க இணைப்பாக வையுங்கள். பூட்டு அல்லது கேமரா அல்லது காவலாளி, ஏதாவது ஒரு வழி போதும். மூன்றுமே தோற்க 0.3 × 0.3 × 0.3 = 0.027. ஆக வெற்றி வாய்ப்பு 0.973. மூன்று துப்பு விதியின் ரகசியமும் இதுவே.

அப்படியென்றால் எல்லாம் ரொம்பச் சுலபமாகிவிடாதா? அங்கேதான் கடிகாரம் வருகிறது. 2016-ல் ஹாமிஷ் கேமரன் வெளியிட்ட 'தி ஸ்ப்ரால்' என்ற சைபர்பங்க் விளையாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கடிகாரம்: விசாரித்துத் தயாராவதற்கு ஒன்று, களத்தில் இறங்கியபின் ஒன்று. தப்பு நடக்க நடக்க முள் நள்ளிரவை நோக்கி நகரும். நான் இதை எளிமையாக்கி, தாளில் ஆறு கட்டம் போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கட்டத்தை அடைப்பேன். வழி அடைபடாது, நேரம்தான் குறையும். ஆறும் நிரம்பினால் கெட்டது நடந்தே தீரும். எல்லாரும் பார்க்கும்படி மேசை நடுவில் வையுங்கள். நான்காவது கட்டம் நிறையும்போது முகங்களைப் பார்க்க வேண்டுமே!

ஒரு பக்க மாதிரி

ஐந்தாம் வகைக்கு நான் எழுதி வைத்திருக்கும் தாளை அப்படியே தருகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம்.

கேட்பவர்: தாய், சலவைத் தொழிலாளி. கொடுப்பது 200.

தேடுவது: மகன், வயது 19. பட்டறை விபத்தில் வலது கை போனவன்.

உண்மை: ஒரு கம்பெனி இலவசமாக இயந்திரக் கை பொருத்தித் தருகிறது. பதிலுக்கு ஐந்து வருடம் அவர்களுடைய கடல் நடுவேயுள்ள ஆலையில் வேலை. வீட்டோடு தொடர்பு கிடையாது. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

துப்புகள்: அறையில் கிடக்கும் மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, அதே கையெழுத்தைப் போடாமல் திரும்பி வந்த நண்பன், துறைமுகம் போகும் இரவு பஸ்ஸின் டிக்கெட்.

கடிகாரம்: ஆறு கட்டம். நிரம்பினால் கப்பல் கிளம்பிவிடும்.

முடிவில் கேள்வி: கண்டுபிடித்ததும் அவன் சொல்வான், "நான் வரலை அண்ணா. எனக்குக் கை வேணும். இது இல்லாம யார் எனக்கு வேலை கொடுப்பா?" தாயிடம் போய் என்ன சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை கிடையாது. விடை எழுதி வைக்கவும் கூடாது. எங்கள் மேசையில் முக்கால் மணி நேரம் வாக்குவாதம். ஒருவன், "தூக்கிட்டுப் போயிடலாம்டா, அம்மா பாவம்" என்றான். இன்னொருவன், "தூக்கிட்டுப் போனா நாமளும் கம்பெனியும் ஒண்ணுதானே?" என்றான். மூன்றாமவன்தான் கேட்டான்: "அந்த ஒப்பந்தத்தை யாராவது முழுசாப் படிச்சீங்களா?" படித்தார்கள். ஐந்து வருடம் முடிந்ததும் கையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரியை அந்த நிமிடத்தில்தான் நான் சேர்த்தேன். ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்ததற்குப் பரிசு அது. அந்த வரியைக் காட்டியதும் பையன் தானாகவே கீழே இறங்கி வந்தான்.

ஒரு எச்சரிக்கை

வேலை கொடுத்தவரே கடைசியில் முதுகில் குத்துவது இந்த வகைக் கதைகளில் சகஜம். ஆனால் நடத்துபவர் அதை ரொம்பச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். பத்து ஆட்டத்துக்கு ஒன்று போதும். ஒவ்வொரு தடவையும் துரோகம் என்றால் ஆட்டக்காரர்கள் யாரையும் நம்ப மாட்டார்கள். நம்பிக்கையே இல்லாத மேசையில் துரோகத்துக்கு மதிப்பு ஏது? பேசியபடி காசு கொடுக்கும் ஒரு நேர்மையான புரோக்கர் ஒருவராவது உங்கள் நைட் சிட்டியில் இருக்கட்டும்.

முடிவுரை

ஆரம்பிக்கப் பெரிய செலவு இல்லை. 'ரெட்' விளையாட்டின் 'ஈஸி மோட்' என்ற சுருக்கப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. பத்து முகப் பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளை டப்பாவில் போட்டு எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் தப்பாகிவிடும்!

நண்பர்களே, இன்னும் சில மாதத்தில் நம் முன்னாலும் காகிதங்கள் நீட்டப்படும். அப்ரன்டிஸ், ட்ரெய்னி, கான்ட்ராக்ட் என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். வாடகை நமக்கும் உண்டு, வீட்டில் எதிர்பார்ப்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். யார் காசு கொடுக்கிறார், யாருக்கு வலிக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். கற்பனை நகரத்தில் கற்பனைக் காசுக்கு இதைப் பலமுறை பழகிப் பார்த்தவனுக்கு நிஜத்தில் நாக்கு கொஞ்சம் சுலபமாகப் புரளும் என்பது என் நம்பிக்கை.

பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்காருங்கள். அந்தத் தாய் வாசலில் காத்திருக்கிறார்.